வடக்கே போனால் கடல்!

தஞ்சாவூர்க்காரனுக்குத் தெரிந்த ஒரே ஏற்றம் ரயில்வே மேம்பாலம். பெரிய கோயில் விமானம் 216 அடி இருக்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் அதன் மேல் சைக்கிள் விட முடியாது. மற்றபடி ஊர் முழுக்க தோசைக்கல். கடல் மட்டத்திலிருந்து அறுபது மீட்டர் உயரம்கூட இல்லை. இப்பேர்ப்பட்ட ஊரில் என் மச்சினன் இருபத்தொரு கியர் வைத்த சைக்கிள் வாங்கியிருக்கிறான். ‘இதில் இருபது வேஸ்ட்’ என்று நான் சொன்னதில் அவனுக்கு என் மேல் வருத்தம்.

ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு வந்தவன், செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். இத்தாலியில் டோலமைட் மலை. வெள்ளை வெளேரென்று செங்குத்துப் பாறைகள். நடுவே ரிப்பனை அவிழ்த்துப் போட்ட மாதிரி ரோடு. குனிந்த தலை நிமிராமல் நூறு பேர் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

“பொர்டோய் கணவாய், மாமா. 2,239 மீட்டர். செத்தா இந்த மாதிரி இடத்துல சாகணும்!”

“பாஸ்போர்ட் இருக்கா மாப்ளே?”

“இல்லை.”

“அப்ப உனக்கு ராஜகோரிதான்.” (வெளியூர் வாசகர்களுக்கு: ராஜகோரி என்பது எங்கள் ஊர் சுடுகாடு.)

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது: “ரெண்டு பேரும் எங்க வேணா சாகுங்க. வீட்டு லோனைக் கட்டி முடிச்சிட்டு சாகுங்க!”

வீட்டு லோன். அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தப் பயணத்துக்கு நான் கிளம்பியது ஏன் என்று உங்களுக்குப் புரியாது.

அப்பாவுக்கு மிச்சமிருந்தது ஒரு மா நிலம். டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு, சுமார் முப்பத்துமூன்று சென்ட். சுற்றிலும் எல்லாம் மனையாகிவிட்டது. கம்பி வேலியும் கலர் கொடியுமாக நகர் நகராக முளைத்துவிட்டது. வாய்க்கால் எங்கே இருந்தது என்று எங்களுக்கே தேடவேண்டியிருந்தது. மூன்று வருஷம் தரிசாகக் கிடந்த பிறகு, நான்தான் சொன்னேன், ‘இதிலேயே வீடு கட்டிடலாம்ப்பா’ என்று. அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கிராவல் அடிக்கிற அன்றைக்கு வந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டோரம் நின்றார். நாலாவது லாரி கொட்டியதும் திரும்பி நடந்து போய்விட்டார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பூமி பூஜைக்குக் கூப்பிட்டால், ‘முழங்கால் வலி தம்பி’ என்றார். அதே முழங்காலோடு தினமும் கரந்தை வரைக்கும் நடந்து போய் டீ சாப்பிட்டுவிட்டு வருகிறவர்!

நான் என்ன செய்ய முடியும்? ஞாயிற்றுக்கிழமைகளில் சிமென்ட் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்படி எண்ணும்போதுதான் ஒரு நாள் மூட்டையின் மேலே அச்சடித்திருந்ததைப் படித்தேன். அரியலூர்.

டோலமைட் மலை என்ன என்று அன்றைக்கு ராத்திரி புரட்டிப் பார்த்திருந்தேன். அந்த வெள்ளைப் பாறை எல்லாம் ஒரு காலத்தில் கடலுக்கடியில் பவளமும் சிப்பியும் சேர்ந்து இறுகியது. சரி, அரியலூர் சுண்ணாம்புக்கல்? அதுவும் கடலடிச் சரக்குதான்! கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், நம் வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள்ளே.

“மாப்ளே, இத்தாலி வேண்டாம். அரியலூர் போறோம்” என்றேன்.

ஹாலிவுட் சான்ஸ் என்று கிளம்பி மெகா சீரியலில் மாட்டிக்கொண்ட ஹீரோ மாதிரி ஆகிவிட்டது அவன் முகம்.

*

மாசி மாதத்து முதல் சனிக்கிழமை. விடிகாலை நாலரை. அவன் தலையில் ஹெல்மெட், கையில் கிளவுஸ், சைக்கிளில் முன்னும் பின்னும் மினுக்கு விளக்கு. என்னிடம் 1994-ல் வாங்கிய கேரியர் வைத்த ஹெர்குலிஸ். விளக்கு டைனமோ. மிதித்தால் எரியும், நின்றால் அணையும். கேரியரில் என் மனைவி கட்டிக்கொடுத்த புளிசாதம்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு பதிமூன்று கிலோமீட்டர். அதற்குள் ஐந்து ஆறு. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. இத்தனை வருஷமாக பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்தவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, ஒவ்வொரு ஆற்றுக்கும் ரோடு ஒரு முதுகு வளைக்கிறது. பாலம் ஏறும்போது மூச்சு வாங்குகிறது. இறங்கும்போது சட்டைக்குள் காற்று புகுந்து குளிர்கிறது. மச்சினன் ஒவ்வொரு பாலத்துக்கும் கணவாய் என்று பெயர் வைத்தான். வெண்ணாற்றுக் கணவாய். குடமுருட்டிக் கணவாய். நாலாவது கணவாயில் நான் இறங்கித் தள்ளினேன். தமிழ்நாட்டில் மேம்பாலத்தைத் தவிர வேறு காரணத்துக்காக சைக்கிளைத் தள்ளியவன் என்ற திருப்தியுடன்.

மேட்டூரை ஜனவரி 28-ல் அடைப்பது வழக்கம். அதனால் ஆற்றில் தண்ணீர் இளைத்துப் போய் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சம்பா அறுப்பு. ஒரு வயலில் அறுப்பு மெஷின் விளக்குப் போட்டுக்கொண்டு தூங்கிக் கிடந்தது. பக்கத்து வயல் மொட்டை. அதற்கடுத்தது தாளடி, இன்னும் பச்சை. நெல்லுக்கும் வைக்கோலுக்கும் பனிக்கும் சேர்த்து ஒரு வாசனை உண்டே, அதை எழுதத் தெரியாது. டெல்டாக்காரர்கள் இந்த இடத்தில் மூக்கை ஒரு முறை இழுத்துக்கொள்ளவும்.

ரோட்டில் பாதியை நெல் காயப்போட்டு மறித்திருந்தார்கள். இந்த ஊரில் தார் ரோடு போடுவதே அதற்குத்தான். மச்சினன் நெல் மேல் ஏற்றாமல் வளைக்கப் போய் வைக்கோலில் சறுக்கினான். கட்டிலில் படுத்துக் காவல் காத்த பெரியவர், “பாத்து தம்பி, நெல்லு!” என்றார். நெல் மேல்தான் அவருக்கு அக்கறை. விழுந்தவன் தானாக எழுந்துகொண்டான்.

திருவையாற்றில் இட்லி, பிறகு அசோகா. இந்த ஊர் அசோகாவைச் சாப்பிட்டிராதவர்களுக்கு: பாசிப்பருப்பும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு செந்நிற சதி. ‘இதைக் கரைக்க எத்தனை கிலோமீட்டர் மிதிக்கணும்?’ என்று மச்சினன் கணக்குப் போட ஆரம்பித்தான். நான் இன்னொரு நூறு கிராம் சொன்னேன்.

*

கொள்ளிடத்தை பாலத்தின் நடுவில் நின்று பார்க்க வேண்டும். தெற்கே திரும்பினால் வாழை, தென்னை, நெல். வடக்கே திருமானூர். நடுவில் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு மணல், அதில் ஒரு வேட்டிக் கரை அளவுக்குத் தண்ணீர். காவிரியின் உபரி வெள்ளத்தை எல்லாம் வாங்கிக்கொண்டு போய் கடலில் கொட்டுவதுதான் இதன் உத்தியோகம். வேலை இருக்கும்போது ஊரே நடுங்கும். மற்ற நாளில் சும்மா படுத்திருக்கும். எங்கள் ஆபீஸிலும் இப்படி ஒருவர் உண்டு. பெயர் வேண்டாம்.

பாலம் இறங்கியதும் நிலம் மாறிவிடுகிறது. நிஜமாகவே ஐந்து நிமிஷத்தில்! வண்டல் முடிந்து செம்மண் வருகிறது. வாழை போய் முந்திரி, சோளம், பருத்தி. முக்கியமாக, ரோடு தலையைத் தூக்குகிறது. மலை ஒன்றும் கிடையாது. ஆனால் தோசைக்கல்லில் வளர்ந்த தொடைக்கு அது உடனே தெரியும். மச்சினனின் இருபத்தொரு கியரும் வேலைக்கு வந்தன. சிரித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனான்.

கீழப்பழுவூரில் என் பின் டயர் பஞ்சர். பழுவேட்டரையர்களின் ஊர் இந்தப் பழுவூர்ப் பக்கம்தான். ‘பொன்னியின் செல்வன்’ படித்த யாரும் இங்கே நிம்மதியாக நிற்க முடியாது. பல்லக்கு வருகிறதா என்று பின்னால் திரும்பிப் பார்க்கத் தோன்றும். வந்ததோ சுண்ணாம்புக்கல் ஏற்றிய டாரஸ் லாரி. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் மூன்று.

பஞ்சர் ஒட்டியவர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வந்த இடத்தை விரலால் பிடித்துக்கொண்டே கேட்டார்.

“தஞ்சாவூர்லேர்ந்து சைக்கிள்லயா? எதுக்கு?”

“கல்லு பாக்க.”

அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். “அந்தப் பக்கம் சோறு விளையுது. இங்க கல்லு விளையுது. நீங்க அதை விட்டுட்டு இதைப் பாக்க வந்திருக்கீங்க” என்று சொல்லி, சொல்யூஷனை ஊதிக் காயவைத்தார். பஞ்சருக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். அறிவுரை இலவசம்.

*

அரியலூருக்குக் கொஞ்சம் முன்னால் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. கட்டாயம் பாருங்கள். பார்த்துவிட்டு வெளியே வந்தால் ரோட்டோரக் கல்லைக்கூட மரியாதையாகப் பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

விஷயம் இதுதான். ஒரு காலத்தில் இந்தியாவும் அண்டார்டிகாவும் ஆஸ்திரேலியாவும் ஒட்டுக்குடித்தனம். பாகம் பிரித்துக்கொண்டு கிளம்பியபோது நம் கிழக்கு ஓரம் விரிசல் விட்டு உட்கார்ந்தது. அந்தப் பள்ளத்துக்குள் கடல் வந்தது, போனது, மறுபடி வந்தது. கோடிக்கணக்கான வருஷம் இந்தக் கூத்து. சிப்பி, நத்தை, பவளம், சுறா எல்லாம் வாழ்ந்து செத்து அடியில் படிந்தன. காவிரிப் படுகை என்று இதற்குப் பெயர். நம் டெல்டாவுக்கு அடியிலும் அதே கடல் அடுக்குகள் ஆழத்தில் கிடக்கின்றன. மேலே ஆறு கொண்டுவந்த மண் மூடியிருக்கிறது. அரியலூர் பக்கம் மூடி இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அதாவது, தஞ்சாவூர்க்காரன் கடல் பார்க்க கிழக்கே நாகப்பட்டினம் போகவேண்டியதில்லை. வடக்கே போனாலும் கடல்தான். கொஞ்சம் லேட்டாகப் போகிறோம், ஏழு கோடி வருஷம்.

இதனால் இந்தப் பக்கத்துச் சின்னச் சின்ன ஊர்கள் எல்லாம் உலகப் பிரசித்தம். ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், கல்லங்குறிச்சி என்று பஸ் போர்டில் இருக்கிற பெயர்களை வைத்துத்தான் பாறை அடுக்குகளை உலகம் முழுக்க நிலவியல் படிப்பவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களிடம் சொன்னால், ‘அப்படியா, பஸ் மட்டும் ரெண்டே டிரிப்தான் வருது’ என்கிறார்கள்.

சாயங்காலம் கல்லங்குறிச்சி. அங்கே கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலில் மூலவரே ஒரு கல் தூண்தான். விவசாயிகள் விளைச்சலில் ஒரு பங்கைக் கொண்டுவந்து கொடுக்கிற பெருமாள். சுற்றுவட்டாரம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். உள்ளே விடமாட்டார்கள். ரோட்டோர மேட்டில் ஏறி நின்று எட்டிப் பார்த்தோம். கிணறு என்று சொன்னால் போதாது, ஒரு ஊரையே உள்ளே இறக்கி வைக்கலாம். படிப்படியாக வெட்டி இறங்கியிருக்கிறார்கள். கீழே லாரி, தீப்பெட்டி அளவு. தோண்டி முடித்து விட்ட ஒரு பழைய குழியில் பச்சையும் நீலமுமாகத் தண்ணீர். மச்சினன், “மாமா, சுவிட்சர்லாந்து!” என்றான். அழகாகத்தான் இருந்தது. அழகாக இருக்கிறதே என்று ஒரு மாதிரியும் இருந்தது.

அங்கே ரோட்டோரம், லாரியிலிருந்து உருண்டு விழுந்த ஒரு கட்டியைக் காலால் புரட்டினேன். தேங்காய் அளவு இருக்கும். அதன் ஒரு பக்கம் முழுக்கச் சிப்பி! ஒன்றின் மேல் ஒன்று, அடுக்கி வைத்த தட்டு மாதிரி. கிரைஃபியா என்று ஒருவகை ஆளிச்சிப்பியாம். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் அதுதான் அதிகம். இதை அரைத்து, களிமண் சேர்த்து 1,450 டிகிரியில் வேகவைத்தால் கிளிங்கர். அதோடு ஜிப்சம் சேர்த்துப் பொடித்தால் சிமென்ட். ஒரு டன் கிளிங்கருக்கு ஒன்றரை டன் கல் வேண்டும். மிச்ச அரை டன் எங்கே போகிறது என்றால், சிப்பி தன் ஓட்டுக்குள் பூட்டி வைத்திருந்த கரியமில வாயு புகைபோக்கி வழியாக வெளியே போகிறது. என் வீட்டுக்கு நானூறு மூட்டை என்று எஞ்சினியர் சொல்லியிருந்தார். அந்தத் திண்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சாம்பல் கலப்பதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஒரு டாரஸ் லாரி நிறையச் சிப்பி. அப்பாவின் ஒரு மா நிலத்தின் மேல் நான் கொட்டப்போவது அதுதான்.

கட்டியைத் துண்டில் சுற்றிக் கேரியரில் வைத்தேன். “எட்டு கிலோ இருக்கும், மாமா. நாளைக்கும் மிதிக்கணும்” என்றான் மச்சினன். இருக்கட்டும் என்றேன்.

*

லாட்ஜில் கொசு. மூட்டுக்கு மூட்டு வலி. தூக்கம் வராமல் மச்சினன் செல்போனில் படித்துக் காட்டிய கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

அரியலூர் பக்கம் கல்லமேடு என்று ஒரு ஊர். அங்கே கிடைத்த டைனோசர் எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1987-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். வைத்த பெயர் ப்ருஹத்காயோசாரஸ். பெரிய உடம்புக்காரன் என்று அர்த்தம். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் இரண்டு மீட்டர் நீளம்! முதலில் மாமிச பட்சிணி என்றார்கள்; பிறகு நீளக்கழுத்துத் தழை தின்னி என்றார்கள். அது எலும்பே இல்லை, கல்லாய்ப்போன மரம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாமே என்கிறீர்களா? எலும்பு இல்லை. களிமண்ணில் கிடந்து நொறுங்கும் பதத்தில் இருந்தது, பொடியாகிப் போய்விட்டது. பழைய போட்டோக்கள்தான் மிச்சம். அவற்றையும் தேடிப்பிடித்து 2022-ல் வெளியிட்டார்கள். உலகத்திலேயே மிகப்பெரிய பிராணிகளில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று இப்போது சொல்கிறார்கள். கோடி வருஷக் கணக்கில் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது, நம் கைக்கு வந்த பிறகு தாங்கவில்லை.

தமாஷும் உண்டு. 2020-ல் குன்னம் பக்கம் குளம் வெட்டும்போது உருண்டை உருண்டையாகக் கல் கிடைத்தது. டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் பறந்தது. ஊரே திரண்டது. விஷயம் தெரிந்தவர்கள் வந்து பார்த்து, இது முட்டையும் இல்லை ஒன்றும் இல்லை, கடல் பிராணியைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டை என்றார்கள். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போகும்போது என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

*

ஞாயிறு காலை, மேற்கே கொளக்காநத்தம் வழியாகக் காரை. காரை என்றால் தமிழில் சுண்ணாம்புச் சாந்து. பழைய வீட்டில் ‘காரை பெயர்ந்து விழுது’ என்கிறோமே, அது. காரை என்று ஒரு முள்செடியும் உண்டு. ஊருக்குப் பெயர் எதனால் வந்ததோ, சிமென்ட் தேடி வந்தவனுக்கு அந்தப் பெயர் பொருத்தமாகப் பட்டது.

சைக்கிளை ஒரு வேலமரத்தில் சாத்திப் பூட்டிவிட்டு நடந்தோம். சோளக்காடு முடிந்தது. சட்டென்று நிலம் முடிந்தது.

எப்படிச் சொல்ல? பழைய பித்தளைப் பாத்திரம் கசங்கிப் போனால் எப்படி இருக்கும், அப்படி ஒரு பூமி. மஞ்சளும் சாம்பலுமாக மேடுகள். ஒன்றுகூட பனைமர உயரம் இராது. ஆனால் நூற்றுக்கணக்கில்! மழைத் தண்ணீர் அரித்து அரித்து, மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவில் ஆளுயர ஓடைகள், சந்துகள், முட்டுச்சந்துகள். ஒரு புல் இல்லை. மரம் இல்லை. தெற்கே ஒரு நாள் சைக்கிள் தூரத்தில் உலகத்திலேயே பச்சையான இடம் ஒன்று இருக்கிறது என்று இங்கே நின்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இங்கே சுண்ணாம்புக்கல் அதிகம் கிடையாது, பெரும்பாலும் களிமண் பாறை. சுமார் பத்து கோடி வருஷத்துக்கு முந்தைய கடலடிச் சேறு. நடுநடுவே கண்ணாடிச் சில்லு மாதிரி ஜிப்சம் மின்னுகிறது.

இரண்டு மேட்டுக்கு நடுவே ஒரு இடுக்கில் ஏறினோம். கால் வைத்த இடமெல்லாம் பொரபொரவென்று உதிர்ந்தது. உச்சிக்கு வந்ததும் அந்தப் பக்கம் இன்னொரு பள்ளம், அதற்கப்பால் இன்னொரு இடுக்கு. மச்சினன் இடுப்பில் கை வைத்து நின்றான். மூச்சு வாங்கியது.

“இது கணவாய்தானே மாமா?”

“சந்தேகமில்லாம.”

“எத்தனை மீட்டர் இருக்கும்?”

“அதெல்லாம் கேக்கக் கூடாது.”

மத்தியானம் வரை பதினேழு கணவாய் கடந்தோம். அவன் எண்ணினான். வெயில் ஏறினால் இந்த இடம் வாணலி. தண்ணீர் தாராளமாக எடுத்துப் போங்கள். மழைக்காலத்தில் போகவே போகாதீர்கள், களிமண் காலைப் பிடித்துக்கொள்ளும். தனியாகப் போனால் எல்லா மேடும் ஒரே மாதிரி தெரியும். நாங்கள் இரண்டு பேர் போயே அரைமணி நேரம் சைக்கிளைத் தேடினோம்.

தரையைப் பார்த்து நடந்தால், துப்பாக்கித் தோட்டா மாதிரி கூர்மையாக, வழுவழுப்பாகக் கற்கள். அள்ளலாம், அத்தனை. பெலம்னைட். கணவாய் மீன் இருக்கிறதே, அதன் பழங்காலத்து ஒன்றுவிட்ட உறவு. உடம்புக்குள்ளே இருந்த கெட்டி பாகம் மட்டும் கல்லாகியிருக்கிறது. (கணவாயில் கணவாய்! இந்தச் சிலேடை மச்சினனுடையது. நான் பொறுப்பல்ல.) ஓரிடத்தில் சுருண்ட நத்தை மாதிரி ஒரு அம்மோனைட்டின் பாதி. கண்டகி நதியிலிருந்து வருகிற சாளக்கிராமம் இதே குடும்பம்தான். அங்கே பட்டுத்துணியில் சுற்றிப் பூஜையறையில் வைக்கிறோம். இங்கே ஆட்டுக்குட்டி மிதித்துக்கொண்டு போகிறது.

இந்தப் பக்கத்துச் சிப்பி, நத்தை, அம்மோனைட்டுக்கெல்லாம் ஒவ்வொன்றாக விவரம் எழுதிப் பெயர் வைத்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. இன்றைய செக் நாட்டில் பிறந்தவர். 1860-களில் கல்கத்தா ஆபீஸில் உட்கார்ந்து, தென்னிந்தியாவிலிருந்து வந்த பெட்டி பெட்டியான கற்களை வருஷக்கணக்கில் பார்த்துத் தடித்தடியாக நாலு வால்யூம் எழுதினார். ஆபீஸ் வேலை செய்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொல்கிறேன். ஆனால் முடிவு ஆறுதல் இல்லை. அவருக்கு மலை ஆசை. 1874-ல் ஐயாயிரம் மீட்டருக்கு மேலே உள்ள காரகோரம் கணவாயைக் கடந்து திரும்பும் வழியில், லடாக்கில், உயரம் ஒத்துக்கொள்ளாமல் செத்துப்போனார். வயது முப்பத்தாறுதான். மச்சினனிடம் சொன்னேன். செத்தால் இந்த மாதிரி இடத்தில் சாகணும் என்ற பேச்சை அவன் அப்புறம் எடுக்கவில்லை.

கிளம்பும்போது பார்த்தால் அவன் பேன்ட் பாக்கெட் புடைத்திருந்தது.

“என்ன மாப்ளே அது?”

“நாலே நாலு மாமா. ஆபீஸ்ல டேபிள் மேல வைக்க.”

“ராத்திரி கல்லமேட்டுக் கதையை நீதானே படிச்சே?”

அவன் என் கேரியரைப் பார்த்தான். “நீங்க மட்டும் எட்டு கிலோ எடுத்திருக்கீங்களே?”

“அது ரோட்டுல விழுந்தது. மில்லுக்குப் போக வேண்டியது. இது இங்கேயே கிடக்க வேண்டியது.”

வக்கீல் வாதம்தான். எனக்கே அரை நம்பிக்கை. ஆனால் அவன் முனகிக்கொண்டே திரும்பிப் போய், எடுத்த இடத்திலேயே நாலையும் வைத்துவிட்டு வந்தான். ஒன்றை நிமிர்த்திக்கூட வைத்தான்.

பக்கத்தில்தான் சாத்தனூர். 1940-ல் நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்த கல்மரம் அங்கே வேலிக்குள் படுத்திருக்கிறது. பதினெட்டு மீட்டர். வெள்ளத்தில் அடித்து வந்து கடலில் புதைந்து, கல்லாகியிருக்கிறது. தட்டிப்பார்த்தால் கல். தள்ளி நின்று பார்த்தால் நேற்றுக் காற்றில் விழுந்த மரம். அதன் நிழலில்... நிழல் ஏது, அதன் பக்கத்து வேப்பமர நிழலில் உட்கார்ந்து புளிசாதத்தை முடித்தோம். ஒரு நாள் ஊறியதில் பிரமாதமாக இருந்தது.

திரும்பி மிதிக்கும் தெம்பு இரண்டு பேருக்கும் இல்லை. திருச்சிக்குச் சின்ன வெங்காயம் ஏற்றிக்கொண்டு போன ஒரு ‘குட்டியானை’யில் சைக்கிளோடு ஏறினோம். வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போவதுதான் இந்தப் பயணத்திலேயே மிகச் சிறந்த பகுதி என்று மச்சினன் இன்னமும் சொல்கிறான். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கதவைப் பாதிதான் திறந்தாள். “முதல்ல குளிங்க.”

*

கட்டியைத் திண்ணையில் வைத்திருந்தேன். திங்கட்கிழமை காலை அப்பா அதைப் பார்த்துவிட்டு, பேப்பரை மடித்து வைத்தார். குனிந்து ஒரு விரலால் தடவினார்.

“ஏது இது?”

“அரியலூர்ப்பா. சிமென்ட் கல்லு.”

“கிளிஞ்சல்ல இது!”

நான் கடல், ஏழு கோடி வருஷம் என்று ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவில்லை. “உங்க தாத்தா இந்த வீடு கட்டுறப்ப கிளிஞ்சல்தான் வண்டி வண்டியா வந்துச்சு. சூளை போட்டு நீத்து, கடுக்காய்த் தண்ணி விட்டு அரைப்பாங்க. எனக்கு ஆறு வயசு. கால்ல பட்டா பொத்துப்போயிடும்னு கிட்ட விடமாட்டாங்க.” திண்ணைச் சுவரை ஒரு தட்டு தட்டினார். “அதே சரக்குதான். என்ன, மூட்டையில கட்டி விக்கிறான்.”

வேறொன்றும் சொல்லவில்லை. கட்டியை எடுத்துத் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

மூன்று வாரம் கழித்துத் தளம் போட்டோம். மறுநாள் காலை ஆபீஸ் போகிற வழியில் சைட்டுக்குப் போனால், சாரம் வழியாக யாரோ மேலே ஏறியிருந்தார்கள். கீழே அப்பாவின் செருப்பு. பதறிக்கொண்டு ஏறினேன். கான்கிரீட் காயாமல் இருக்கத் தளத்தின் மேல் சாந்தால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள், பார்த்திருப்பீர்கள். கொத்தனார் கட்டியிருந்த பாத்தியில் ஒரு மூலையில் கசிவு. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்து, அதைக் கையால் அணைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கொத்தனார் கரண்டியோடு கைகட்டி நின்றார்.

“என்னப்பா வரப்பு கட்டியிருக்கான் இவன்? மேட்டுப் பக்கம் தண்ணியே நிக்கலை” என்றார் என்னிடம். “நீ ஆபீஸுக்குப் போ தம்பி. நான் பாத்துக்கறேன்.”